ஜெட்டியில் நின்று கும்பிட்டது

கதிரையில் நெடுநேரம் இருந்து எனக்குப் பழக்கமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நடந்துகொண்டே சொல்கிறேன். கையில் பிடிக்க ஏதாவது கொடுங்கள். சும்மா விட்டால் தானாகக் கும்பிடப் போய்விடும். ஒரு தவணை எம்.பி.யாக இருந்தவனுக்கு வரும் வியாதி.

என் கும்பிடு சாதாரணமானதல்ல. லிங்கநகரில் ஒருமுறை நான் கும்பிட, படுத்திருந்த பசுவே எழுந்து நின்றது. சந்தேகமென்றால் பசுவின் சொந்தக்காரரைக் கேளுங்கள். செத்துவிட்டார், ஆனாலும் கேளுங்கள்.

எங்கள் சனம் மரியாதை தெரிந்த சனம். ஒருவர் கும்பிட்டால் இருந்தபடி வாங்கிக்கொள்ளாது. எழுந்து, முகம் தெரிய முன்னுக்கு வந்து பதில் கும்பிடு போடும், அல்லது சலாம் சொல்லும். மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்சுப் படகு ஓட்டும் ஜமால்தீன் இதை நான் பதவியில் இருந்தபோதே சொன்னான்.

"சேர், லோஞ்சி கரைக்கு வாற நேரம் ஜெட்டியில நிண்டு கும்பிடாதீங்க. சனம் முழுக்க ஒரு பக்கமா எழும்பி வருது. ஒரு நாளைக்குக் கவுண்டுடும்."

"எனக்கு அவ்வளவு செல்வாக்கோ?"

"செல்வாக்கு இல்ல சேர், பாரம்."

அடுத்த தேர்தலில் தோற்றேன், கட்டுப்பணமும் போனது. ஓர்ஸ் ஹில் வீட்டை விற்று, நானும் மூதூருக்கு ஒரு லோஞ்சு விட்டேன். முன்னால் என் பெயரைப் பெரிதாக எழுதினேன். ஏறியவை காகங்கள் மட்டும். ஜமால்தீனின் லோஞ்சில் கூரையிலும் ஆள் இருந்தது. மூதூரில் தங்கையைப் பார்க்கப் போகும் என் மனைவி மாகிரட்டும் அதில்தான் ஏறினாள்.

"அவன்ரை லோஞ்சு நேரத்துக்கு வெளிக்கிடுது," என்றாள். "நீங்கள் ஏறுற ஒவ்வொருத்தரோடையும் கதைச்சு முடிக்கப் பொழுதுபட்டிடும்."

அந்த மாரி முடிவதற்குள் ஆள் ஏறாவிட்டால் என் லோஞ்சையும் விற்கவேண்டி வந்திருக்கும். பிறகு நான் யார்? வீட்டில் ஒரு கிழவன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், மத்தியானம். வாடைக்காற்று கடலைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஜமால்தீனின் லோஞ்சு மூதூரிலிருந்து நிறைந்து வந்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜெட்டியின் நுனிக்குப் போனேன்.

முதலில் கண்டவன் ஜமால்தீன்தான். "சேர், கையக் கீழ போடுங்க," என்று கூப்பிட்டான். எனக்கு நன்றாகக் கேட்டது. கையைத் தலைக்கு மேலே உயர்த்தினேன்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். கிழவர்கள் சலாம் சொன்னார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்கு வாக்குப் போடாதவர்களும் சிரித்தார்கள். அதன் பிறகு லோஞ்சின் அடிப்பக்கம் தெரிந்தது. நல்ல தார்ப்பூச்சு. ஜமால்தீன் தொழிலில் சுத்தமானவன். அவன் உடலை மறுநாள் கிண்ணியாக் கரையில் எடுத்தார்கள். மற்றவர்களின் கணக்கு உங்களிடம் இருக்கும்.

ஓம், கவிழ்க்கத்தான் கும்பிட்டேன். மாகிரட் அதில் வருகிறாள் என்பதும் தெரியும்.

அவள் தப்பியது எப்படியென்று அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். எழும்பவில்லை. மறுபக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தனை சனம் எழுந்து மரியாதை செய்த இடத்தில், கட்டினவள் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. அதைத்தான், ஐயா, என்னால் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது.