ரங்கூன் பொண்ணு வாய் திறக்காதது

சண்டைக் காலத்தில் ஒரு நாள் புதுக்கோட்டையில் சீமெண்ணெய்க்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரங்கூன்லேருந்து ஒரு குடும்பம் வந்திருக்கே, அந்தப் பொண்ணு ஊமை இல்லைக்கா. ஊமை மாதிரி நடிக்குது," என்றாள் இளையவள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எம் மக வகுப்புலதான் படிக்குது. வாத்தியார் கேட்டா வாயே தொறக்காது. குளத்தங்கரையில தனியா இருக்கையில மட்டும் என்னமோ பாஷையில பேசிக்குதாம்."

"சப்பான்காரனுக்கு உளவு பாக்குற குடும்பமா இருக்குமோ?"

"யாரு கண்டா? பக்கத்துல உக்காராதேன்னு எம் மககிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குப் பின்னால் நின்ற பெண் மெதுவாகச் சொன்னாள்.

"அது எம் பொண்ணுங்க. பொறந்தது வளந்தது எல்லாம் அங்கிட்டுத்தான். குண்டு போட்டதும் காட்டு வழியா நடந்து வந்தோம். திருடங்க காதுல விழுந்துரும், வாயைத் தொறக்காதேன்னு நாந்தான் சொன்னேன். இங்கிட்டு வந்து சேந்ததும், இனிமே பேசலாம் ஆத்தான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்குது. இன்னமும் யாரோ ஒட்டுக் கேக்குறாங்கன்னு நினைக்குது."

இளையவள் கையிலிருந்த டின்னை மாற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளையிலேருந்து எம் மகளை அது பக்கத்துல உக்காரச் சொல்றேங்க."

அந்தத் தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்குங்க? அது வாயிலேருந்து என்னத்தைப் பிடுங்க?"