நீதிபதியம்மா வீடு விக்கிறாங்க

...அதான் சொல்றேன் தம்பி, ஜன்னல மூடினாலும் பிரயோஜனம் இல்ல. இப்பப் பகல் பன்னெண்டு மணி, அதனால சாதுவா இருக்கு இந்தத் தெரு. வீடு பாக்க வர்றவங்க எல்லாரும் பகல்லதான் வர்றீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வரணும். பாக்கக்கூட வேணாம், கீழ நின்னு காதைக் குடுத்தாப் போதும்.

பக்கத்துல நீல கேட்டு போட்ட கோடவுன் இருக்குல்ல? முன்னாடி அதுல ஒருத்தர் பழைய பேப்பர் அடைச்சு வெச்சிருந்தாரு. பேப்பர் என்ன சத்தமா போடும், அது பாட்டுக்குக் கெடந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாடகக்காரங்க வாடகைக்கு வந்தாங்க. அன்னிலேர்ந்து ஒரு நாள் சண்டை, ஒரு நாள் ஒப்பாரி, ஒரு நாள் இருவது பேரும் குதிரையாயிட்டு சுத்திச் சுத்தி ஓடறாங்க. என் அலமாரில டம்ளர் எல்லாம் கூடவே ஓடுது.

உக்காருங்க, உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் பால் வாங்கப் போயிருக்காரு, வந்து பத்திரமெல்லாம் காட்டுவாரு. அதுக்குள்ள நான் சமையல்கட்டக் காட்டிடறேன். அந்த மூலைல ஈரம் தெரியுதா? தெரியலயா? கொஞ்சம் குனிங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அதுதான். முன்னாடி வந்த நாலு பேருக்கும் நானேதான் காட்டினேன். மறைச்சு விக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது.

தெரு நல்லா இருக்குன்னுதானே வந்தீங்க? புது நடைபாதை, வரிசையா வெளக்கு, செவுரு பூராப் படம். அத்தனையும் என்னாலதான் தம்பி, வெளிய சொல்லிக்கிறதில்ல. இந்தக் குதிரையோட்டம் தாங்காம நகராட்சிக்கு ஒரு புகார் எழுதினேன். ஒம்போது பக்கம். சத்தத்த அளக்க ஒரு அதிகாரி மிஷினோட வந்தாரு. அஞ்சு நிமிஷத்துல அளந்துட்டுப் போவாருன்னு பாத்தா, மனுஷன் நாற்காலி கேட்டு உக்காந்து நாடகத்த முழுசாப் பாத்துட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டு வெளிய வராரு. மிஷினப் போடவே மறந்துட்டாராம். ஆபீசுக்குப் போய், இது கலைத் தெரு, இத மேம்படுத்தணும்னு எழுதி வெச்சுட்டாரு. நான் குடுத்த புகாரு, எனக்கே வெளக்கா எரியுது. அப்புறம் புரோக்கருங்க வர ஆரம்பிச்சாங்க. வீட்டு வெல மூணு மடங்காச்சு. எங்க வீட்டுக்காரர், வித்துட்டு ஊருக்கு வெளிய தோட்டம் வெச்ச வீடா வாங்கிடலாம்னு கெளம்பிட்டாரு.

நான் யாருன்னு சொல்லலயே. இருவத்தாறு வருஷம் பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளர். இன்ன பஸ் இன்ன இடத்துல நிக்குதுன்னு சொல்லுவேன்ல, அந்தக் குரல் நாந்தான். மைக் கெட்டுப்போன நாள்ல மைக் இல்லாமலே சொல்லியிருக்கேன், ஒருத்தரும் பஸ்ஸ விடல.

போன மாசம் நடந்தத கேளுங்க. கெணறு ஒண்ணு காணாமப் போன வழக்குன்னு ஒரு நாடகம் ஒத்திகை பாக்குறாங்க. நீதிபதி வேஷம் போட்ட பையனுக்குக் கொசு மாதிரி குரல். கோர்ட்டே கத்துது, அவன் ‘அமைதி, அமைதி’ங்கிறான், பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்கல. மூணு நாளு பொறுத்தேன். நாலாம் நாள் கையில கரண்டியோட இந்த ஜன்னல்ல நின்னு, ‘அமைதி’ன்னு ஒரு சத்தம் குடுத்தேன் பாருங்க. கோர்ட்டு அடங்குச்சு. தெரு அடங்குச்சு. கீழ ஒரு ஸ்கூட்டர்காரர் வண்டிய ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டாரு.

அஞ்சு நிமிஷத்துல டைரக்டர் மேல வந்துட்டாரு, தாடிக்காரர். சண்டைக்குத்தான் வராருன்னு கரண்டிய நல்லாப் புடிச்சுக்கிட்டேன். அவரு என்னடான்னா, ‘அம்மா, நாளைலேர்ந்து நீங்கதான் நீதிபதி’ங்கிறாரு.

சிரிக்காதீங்க தம்பி. மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். ஒரு நாளு போய்ப் பாக்கலாம்னு போனேன். கருப்பு அங்கி ஒண்ணு மாட்டி விட்டாங்க. அறுவத்திரெண்டு வயசுல, நான் உள்ள வந்தா இருவது பேரு எழுந்து நிக்கிறாங்க. வீட்டுல நான் வந்தா நாற்காலியிலேர்ந்து பேப்பர்கூட நகராது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, சிரிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்.

சரி, இதெல்லாம் எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், சத்தம். உங்களுக்கு இந்த வீடு ஒத்து வராது, அதத்தான்...

என்னது? பரவாயில்லையா?

ராத்திரி ஷிஃப்ட்டா? அப்பப் பகல் பூராத் தூங்குவீங்க... சாயங்காலம் ஆறு மணிக்கு எழுப்பி விட ஆள் இருந்தா நல்லதுங்கிறீங்க. ஈரத்துக்கு சிமெண்டு பூசிக்கலாமா? அடக் கடவுளே. தம்பி, கொஞ்சம் பொறுங்க. அட்வான்ஸ் பேச்செல்லாம் வேணாம், அந்தப் பையை மூடுங்க.

உண்மையச் சொல்லிடறேன். எனக்கு இந்த வீட்ட விக்க இஷ்டமில்ல. வர்ற சனிக்கிழமை நாடகம். எங்க வீட்டுக்காரருக்கு இது எதுவுமே தெரியாது, ஒத்திகை நேரத்துல அவரு கோயிலுக்குப் போயிடுவாரு. தெனம் ஆறு மணிக்கு முட்டி வலிக்குப் பயிற்சிக்குப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவரு பாவம், தைலம் வேற வாங்கி வெச்சிருக்காரு. அவ்வளவு ஆசையா வேற வீடு பாத்திருக்காரு, அவருகிட்ட இதச் சொல்ல வாய் வரல. பஸ் ஸ்டாண்டு முழுக்க கேட்ட குரலு, இந்த ஒரு மனுஷன் முன்னாடி எழும்ப மாட்டேங்குது.

படில சத்தம் கேக்குது. அவருதான். தம்பி, எந்திரிக்காதீங்க, நீங்க இருந்தா அவரு கோவிக்க மாட்டாரு.

என்னங்க, வாங்க. பால அப்புறம் வைங்க. ஒண்ணு சொல்லணும். எனக்கு முட்டியில ஒண்ணுமில்ல. நான் பக்கத்து கோடவுன்ல நீதிபதியா இருக்கேன். இந்த வீட்ட விட்டு நான் வர்றதா இல்ல.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? பால் சிந்துது பாருங்க.

என்னது? மெதுவாச் சொல்லுங்க... உங்களுக்கும் போக இஷ்டமில்லையா? அப்ப புது வீட்டுல கட்டில் எங்க, பீரோ எங்கன்னு தெனம் பேப்பர்ல கோடு போட்டுக்கிட்டு இருந்தீங்களே, அது?

எனக்காகவா? சத்தம், சத்தம்னு நான் ரெண்டு வருஷமா பொலம்பினதாலயா?

தம்பி, கேட்டீங்களா இந்தக் கூத்த... தம்பி? எங்கங்க அவரு? வாசல்ல செருப்பக் காணோமே. நல்ல பிள்ளை, கதவச் சத்தமில்லாமச் சாத்திட்டுப் போயிருக்காரு.

ஏங்க, பொலம்பினா வீட்டையே வித்துடுவீங்களா? முப்பத்தஞ்சு வருஷமா உங்களப் பத்தியுந்தான் பொலம்பறேன். உங்கள என்ன வித்தாப் போட்டேன்?