பூச்சி மருந்து

– மூக்கைப் பொத்தாதேங்கோ ஸெய்னுதீன் முதலாளி! நல்லா மணந்து பாருங்கோ, நீங்கள் தந்த போத்தல்தானே.

– மருந்துண்டா மணக்கத்தான் செய்யும். மெல்லமாப் பேசுங்க மக்டலின் அக்கா, கடையில ஆக்கள் நிக்கிறாங்க.

– நிக்கட்டும், கேக்கட்டும். என்ர பூனையளுக்குப் பூச்சி மருந்து கேட்டனான். வயலுக்கு அடிக்கிற நஞ்சைத் தந்திருக்கிறியள்!

– பூச்சி மருந்துண்டுதானே கேட்டீங்க? தோப்பூர்ல இருந்து வாற ஆக்களும் நெல்லுக்கு அப்படித்தான் கேக்குறாங்க.

– நானென்ன தோப்பூர்ப் போடியாரோ? எனக்கு வயல் எங்க கிடக்கு? துறைமுகத்தடியில, வெள்ளைக்கார நேவி விட்டிட்டுப் போன கொட்டிலுக்குள்ள தெருப் பூனையளை வைச்சுப் பாக்கிறன் எண்டு ஊருக்கே தெரியும். வயித்துப் பூச்சிக்கு எண்டு விளங்க வேண்டாமோ?

– ஒங்கட பூனையெல்லாம் கொழுகொழுண்டுதானே திரியுது. நோயில்லாத சீவனுக்கு மருந்து ஊத்துற ஆள நான் இப்பத்தான் பாக்குறன்.

– நோய் வந்தாப் பிறகு ஊத்தி என்ன பலன்? போன மாரியில பட்டது காணும். குட்டியளுக்கு வயிறு பானை, கால் ஈர்க்கு. ஒண்டுக்குப் பின்னால ஒண்டாச் செத்துதுகள். புதைக்கக் கிடங்கு வெட்டினது இந்தக் கைதான். ஒண்டில பூச்சி இருந்தால் கொட்டில் முழுக்கப் பரவும். அதாலதான் புதுசா வாறதைத் தனியக் கூட்டில விட்டு, மருந்து குடுத்து, ரெண்டு கிழமையால திருப்பியும் குடுத்து, பிறகு மற்றதுகளோட சேர்க்கிறனான்.

– மனிசனுக்கே இப்படிப் பாக்க ஆளில்ல.

– மனிசனுக்கு வாயிருக்கு, கேப்பான். இதுகள் என்ர கையை நம்பிக் குடிக்குங்கள். இண்டைக்கு எனக்குத் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிருந்தால் என்ன நடந்திருக்கும், சொல்லுங்கோ! மணம் பிடிபடாமல் ஊத்தியிருப்பன். முழுக் கொட்டிலும் சவக்காலையாப் போயிருக்கும்.

– சரி அக்கா, பிழைதான். கோவிக்காதீங்க.

– கோவிப்பன். எப்படி மாறினது? அதைச் சொல்லுங்கோ.

– நஞ்சு பெரிய தகரத்துல வரும். சின்னப் போத்தலுக்கு மாத்தித்தான் விக்கிற. வயித்து மருந்துக்கும் அதே போத்தல். மறுகா... லேபல் நான்தான் எழுதி ஒட்டின.

– என்னெண்டு எழுதினனீங்கள்?

– ரெண்டுலயும் பூச்சி மருந்துண்டுதான் எழுதின.

– யேசுவே! எழுதினது காணாதெண்டு ரெண்டையும் ஒரே தட்டில வேற அடுக்கி வைச்சிருக்கிறியள். வெக்கமில்லையோ உங்களுக்கு? நஞ்சை நஞ்செண்டு எழுத உங்கட கை கூசுமோ?

– இந்தாங்க, வயித்து மருந்து. மணந்து பாத்தே கொண்டு போங்க.

– ஓம், இது சரி. இப்பவே, என்ர கண்ணுக்கு முன்னால மற்றதெல்லாத்தையும் இறக்குங்கோ. ஒவ்வொண்டா மணந்து பாப்பம். இண்டைக்கு வேற ஆருக்கும் குடுத்தனீங்களோ?

– மூதூர் றுக்கியாவுக்கு ஒண்டு. இப்பதான், ஒங்களுக்குக் கொஞ்சம் முந்தி.

– அவவுக்கும் இதே தட்டில இருந்ததைத்தானோ?

– ஓம்.

– வயலுக்குத்தானே? ஏன் துறைமுகப் பக்கம் பாக்கிறியள்? முதலாளி, அவ வயலுக்குத்தானே கேட்டவ?

– அவட மகளுக்கு, அக்கா. ராவைக்குப் படுக்கக்குள்ள குடுக்கச் சொன்ன நான். அந்தா கடல்ல ஊதிக்கிட்டுப் போகுதே மூதூர் லோஞ்சு, அதுலதான் போறா.