எல்லோருக்கும் பொது அடுப்பு

டீ நன்றாக இருக்கிறது, கௌஸ் முகைதீன் பாய். துபாயில் எங்கள் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் இப்படி ஒரு டீ போட வேண்டுமென்றால் அடுப்புக்குக் காத்துக் கிடக்க வேண்டும். போலீஸ் ஆபீசருக்கு முதலில் அதை அரபியில் சொல்லுங்கள். எல்லாம் அடுப்பில் ஆரம்பித்ததுதான்.

எங்கள் மாடியில் ஒரே சமையலறை. அடுப்புகளைப் பன்னீர்செல்வம் அண்ணன் கோஷ்டியும் டிரைவர்கள் கோஷ்டியும் பிடித்து வைத்திருந்தார்கள். போன மாதம் இரண்டு கோஷ்டியும் மண்டை உடைய அடித்துக்கொண்டன. அண்ணன் பக்கம் ஜெயித்தது. கட்டட சைட்டிலிருந்து செத்துச் சுண்ணாம்பாகி வரும் புதுப் பையன்கள் மட்டும் எப்போதும்போலப் பச்சைத் தண்ணீரில் குப்பூஸ் ரொட்டியை நனைத்துத் தின்றார்கள்.

நான் ஊரில் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவன். சீனாவில் கம்யூனிஸ்டுகள் எப்படி ஜெயித்தார்கள் என்று வருஷா வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். துப்பாக்கி பாதிதான், பாய். படுக்க இரவல் வாங்கிய கதவைக்கூடக் குடியானவன் வீட்டில் திருப்பி மாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. ஊரைக் கூட்டி, பண்ணையாரை நடுவில் நிறுத்தி, பட்ட கஷ்டத்தை ஒவ்வொருவனும் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வைத்தார்கள். ஒருமுறை சொல்லிவிட்டவன் அப்புறம் இவர்களை விட்டு எங்கே போவான்?

நானும் அப்படித்தான் செய்தேன். பையன்களின் பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். காய்ச்சலில் கிடந்த பாலகுருவுக்குக் கஞ்சி காய்ச்சினேன். சார், சார் என்று என்மேல் உயிராக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு. உச்சி வெயிலில் மொட்டைமாடியில் கூட்டம் போட்டோம். அண்ணனை நடுவில் நிறுத்தினோம். வாய் செத்த பையன்களெல்லாம் என்னமாய்ப் பேசினார்கள் தெரியுமா, எனக்கே கண் கலங்கிவிட்டது. அண்ணன் முதலில் கத்தினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"வாத்தியாரே, கலாஸ்யா, எல்லாம் முடிஞ்சுது. அடுப்பை நீங்களே வச்சுக்குங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றார்.

பாலகுரு பாட்டிலோடு எழுந்தான். "பாவம் சார், வயசானவரு. குடுத்துரலாம் சார்."

ஒருவன் இரக்கப்பட்டால் மற்றவர்களுக்கும் தைரியம் போய்விடும். பாட்டிலை வாங்கி நானே குடித்தேன். எனக்கும் தொண்டை வறண்டிருந்தது. "இன்னும் பேசாதவங்க இருக்காங்க, உக்காருப்பா" என்றேன்.

அண்ணனுக்கு உயிர் போய்விட்டது என்பது எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் பேசாமல் ஒருவன்கூட மிஞ்சக் கூடாதே. கடைசிப் பையன்வரை பேச விட்டேன்.

வெயில் கொன்றது என்று எழுத வேண்டாம். நான்தான் கொன்றேன். களைப்பாக இருக்கிறது, பாய், மறைக்கத் தெம்பில்லை. இப்போது அடுப்பு எல்லோருக்கும் பொது. சமையலறைச் சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது. யாராவது ஒருவர் வைத்திருக்க வேண்டும் இல்லையா.

உங்களுக்குப் போன் போட்டவன் பாலகுருதான் என்று தெரியும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னை விட்டுவிடுவார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அவனைப் பற்றியும் பையன்களுக்குப் பேச நிறைய இருக்கும். மொட்டைமாடியைக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.