ஆருக்கும் பிடிக்காத நிறம்

இதில்ல காக்கா. இதுவும் வடிவாத்தான் இரிக்கு. நான் வடிவான கலரா கேட்டன்? மூண்டு அட்டை விரிச்சுக் காட்டிட்டீங்க, ஒவ்வொண்டிலயும் முப்பது கலர், அதில ஒண்டாவது அசிங்கமா இரிக்கணுமே! ஒண்டும் இல்ல. பெயின்ற் செய்யிறவனுக்கு இப்பிடியும் ஒருத்தி வந்து கேப்பாள் எண்டு தெரியாமப் போச்சு பாருங்க. எனக்கு வேண்டியது என்னெண்டா... ஒரு மனிசன் ரோட்டால வந்து, வீட்டை ஒருக்காப் பார்த்து, "சீ, இதுக்குள்ள ஆர் இருப்பான்" எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகணும். அப்பிடி ஒரு கலர். முன்சுவருக்கும் ரெண்டு பக்கச் சுவருக்கும் காணும். பின்சுவருக்கு வேணாம். பின்சுவரை ஆர் பார்க்கிற?

சிரிக்காதீங்க. முத்தலிப் காக்காட கடையில இல்லாத பெயின்ற் ஏறாவூர்லயே இல்ல எண்டு வல்லிபுரம் சொல்லித்தான் சித்தாண்டியில இருந்து வந்தன். பெயின்ற் அடிக்கிற வல்லிபுரம்தான், உங்களுக்குத் தெரிஞ்ச ஆள். நடுவில ரெண்டு சென்றியில பஸ்ஸை மறிச்சு, இறக்கிச் சோதிச்சு ஏத்தினாங்க. "எங்க போறீங்க?" எண்டான். "பெயின்ற் வாங்க" எண்டன். "என்ன கலர்?" எண்டான். எனக்கே தெரியாத கலருக்கு நான் என்னத்தைச் சொல்ற? பேந்து பேந்து முழிச்சன். அதுக்காகவே அரை மணித்தியாலம் வெயில்ல நிக்க வச்சான்.

பச்சையா? மூடி வைங்க காக்கா அதை. பச்சை அவங்கட நிறமல்லோ. உடுப்பு பச்சை, வாகனம் பச்சை, சோறு போடுற தட்டும் பச்சை. வீட்டையும் பச்சையாக்கினா தாய் வீடெண்டு நினைச்சு இருந்திருவாங்க. சிவப்பைத் தொடவே வேணாம். சிவப்புக்கு விசாரிப்பாங்க. பக்கத்தில மஞ்சளும் இருந்தா இயக்கத்துக் கொடியாயிரும், விசாரிக்க மாட்டாங்க, நேர ஏத்திருவாங்க.

ஆரா? ஆமிதான். என்ர வீட்டில ஆமி இரிக்கு காக்கா. சொல்லல்லையா நான்? அதைச் சொல்லாமலா இவ்வளவு நேரமும் கலர் கேட்டன்? பாவம் நீங்க.

மாசி மாசத்தில இருந்து. பன்ரெண்டு பேர். நாங்க, நானும் மனிசனும் புள்ள தவமலரும், தங்கச்சிட வீட்டு விறாந்தையில பாய் போட்டுப் படுக்கம். புள்ளைக்கெண்டு கட்டின வீடு அது. உங்கட ஆக்களுக்கும் எங்கட ஆக்களுக்கும் இதில ஒரு வித்தியாசமும் இல்லையே, பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுத்தாத்தான் மாப்பிள்ளை வந்து இருப்பான். பொட்டியத் தூக்கிக்கொண்டு அவன் வந்து ஏற ஒரு படி வேணும். இப்ப அந்தப் படியில மணல் மூட்டை.

மூட்டையக்கூடப் பொறுக்கலாம் காக்கா. அதைச் சுவரோட சாய்ச்செல்லோ அடுக்கியிரிக்காங்க! சாக்கு உரசின இடமெல்லாம் பெயின்ற் உரிஞ்சு கிடக்கு. அதோட கலண்டர் தூக்கிறதுக்கு மண்டபத்துச் சுவரில ஆணி அடிச்சிரிக்கான் ஒருத்தன். நாலு அங்குல ஆணி. ஒரு கலண்டருக்கு! நான் கேட்டன், "தம்பி, இதில கலண்டரையா தூக்கப் போறீங்க, கதவையா?" எண்டு. விளங்கல்ல அவனுக்கு. நல்ல காலம் விளங்கல்ல.

இதுக்கெல்லாம் காரணம் ஆர் தெரியுமா? புஸ்பம்.

புஸ்பம் எண்டா புள்ளைக்குப் பேசின மாப்பிள்ளைட தாய். தை மாசம் வீடு பார்க்க வந்தாள். மகன் வந்து இருக்கப் போற வீடு, தாய் பார்க்கத்தானே வேணும், பார்க்கட்டும். பார்க்கிறவள் உள்ளுக்கு வந்து பார்க்கணுமா இல்லையா? உள்ளுக்கு நான் கத்தரிப்பூ நிறம் அடிச்சு வச்சிரிந்தன். நாலு அறைக்கும். கடுங்கத்தரிப்பூ இல்ல, விடியக்காலையில பூத்த பூவில வெயில் படுறதுக்கு முன்னம் ஒரு நிறம் இருக்குமே, அது. அதைக் கலக்கிறதுக்கே வல்லிபுரத்துக்கு ரெண்டு நாள் போச்சு. "இன்னும் கொஞ்சம் வெள்ளை, இன்னும் கொஞ்சம் வெள்ளை" எண்டு நான் நிண்ட நிலையில அந்த மனிசன் பிறஸ்ஸை வாளிக்குள்ள போட்டுட்டு வேலியோரம் போய்க் குந்திட்டார்.

வந்தவள் கேற்றடியிலயே நிண்டாள். வெளிச்சுவரைப் பார்த்தாள். நகத்தால ஒரு சுரண்டு சுரண்டினாள். பிறகு என்ர முகத்தைப் பார்த்து, "என்னகா சீதேவி, வீடு எங்க, இது மாட்டுப்பட்டியா?" எண்டாள்.

மாட்டுப்பட்டி!

அவள் இருக்கிறது வவுணதீவுப் பக்கம், உள்ளுக்கு. எங்கட மெயின் ரோட்டு நிலவரம் அவளுக்கு எங்க விளங்கப் போகுது? எங்கட ரோட்டில வெளிச்சுவருக்கு ஆரும் பெயின்ற் அடிக்கிறதில்ல காக்கா. அடிச்சா வீடு நல்ல வீடு எண்டு தெரிஞ்சிரும். நல்ல வீடெண்டு தெரிஞ்சா ஒரு நாளைக்கு ஆரும் வந்து, "அம்மா, ரெண்டு மாசத்துக்கு மட்டும்" எண்டுவாங்க. ஆமி எண்டில்ல, ஆரும்தான். அதால வீட்டை அசிங்கமாக்கிறதில அங்க போட்டி. பக்கத்து வளவு அழகரத்தினம் அண்ணன் இரிக்காரே, கோயில்ல கணக்கெழுதிற ஆள், படிச்ச மனிசன்... அவர் சாணித்தண்ணிக்குள்ள வடிச்ச கஞ்சியைக் கலந்து கிழமைக்கு ஒருக்காச் சுவருக்கு ஊத்துவார். பாசி பிடிக்கோணுமாம். முன்பக்கக் கூரையில நாலு ஓடும் கழட்டி உள்ளுக்கு வச்சிட்டார். மழை பெஞ்சா நனையிறார். நனைஞ்சாலும் சொந்த வீட்டுக்குள்ள இருந்து நனையிறார்.

மனிசனும் சொன்னவர்தான். என்ர மனிசன் வருசத்துக்கு நாலு சொல்லுக் கதைக்கிற ஆள். "வெளிக்கு வேணாம்" எண்டார். ரெண்டு சொல்லு. அரை வருசத்துக் கதையை எனக்காகச் செலவழிச்சிரிக்கார், நான் கேட்டனா? "மாட்டுப்பட்டி எண்டு சொல்லிட்டாளே!" எண்டு வல்லிபுரத்தைக் கூப்பிட்டன். உள்ளுக்கு அடிச்ச அதே கத்தரிப்பூவை வெளிக்கும் அடிக்கச் சொன்னன். அடிச்சார். அடிச்சு முடிய, ஏதோ ஒண்டு காணாத மாதிரி இருந்துது. வீட்டுக்கு முகம் இரிக்கு, கண் இல்ல. அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துது. யன்னலைச் சுத்தி வெள்ளையில ஒரு கோடு. ரெண்டு விரல் அகலம், கூடவும் இல்ல குறையவும் இல்ல. மையெழுதின மாதிரி...

அந்தக் கோட்டால வந்த வினைதான் காக்கா எல்லாம்.

நீலமா? வேணாம். நீலத்தைக் கண்டா நிவாரணம் குடுக்கிற வெள்ளைக்காரர்ட ஒபீஸ் எண்டு சனம் படிவம் நிரப்ப வரும். சாம்பலா... காட்டுங்க. இல்ல, இது மழைக்கு முந்தின வானம் மாதிரி இரிக்கு. இதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிசன் நாள் முழுக்கக் குந்தியிருப்பான்.

பொறுங்க, உங்களுக்குப் பள்ளிக்குத் தொழப் போக நேரமாகுது, வெள்ளிக்கிழமை, தெரியும். கெதியாச் சொல்லிருறன். இப்ப அந்தப் பன்ரெண்டு பேருக்கும் பெரியவனா இருக்கிற சின்ன மாத்தயாக்கு இடமாத்தம். திங்கக்கிழமை புதுசா ஒரு பெரிய மாத்தயா வாறார். அவருக்குக் காட்ட ரெண்டு இடம் வச்சிரிக்காங்க. ஒண்டு என்ர வீடு, மற்றது சந்தியில பூட்டிக் கிடக்கிற சங்கக்கடை. எது பிடிக்குதோ அதில இருப்பாராம். சின்ன மாத்தயாவே என்னைக் கூப்பிட்டு, குரலைத் தணிச்சுச் சொன்னான், "அம்மே, வீடு வடிவு இல்லாட்டி நல்லது." உரிஞ்ச சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறாங்க எண்டு சொல்லி, நாளைக்கும் நாளையிண்டைக்கும் வல்லிபுரத்தை உள்ள விடுறதாச் சொல்லியிரிக்கான். பெரிய மாத்தயா முகத்தைச் சுழிச்சா வீடு எனக்கு. சுழிக்காட்டி... புஸ்பம் ஆவணி வரைக்கும்தான் பொறுப்பன் எண்டு சொல்லிட்டாள். வேறொரு இடத்தில பொம்புள பார்த்து வச்சிரிக்காளாம். மண் வீடாம், ஆனா ஆமி இல்லாத வீடாம். சாத்திரியார் சொல்றார், இந்தத் தொண்ணூற்றேழு ஆவணியை விட்டா புள்ளைக்கு மூண்டு வருசத்துக்கு ஒண்டும் இல்ல எண்டு. தங்கச்சிட விறாந்தையில இருந்து பார்த்தா எங்கட வீட்டு யன்னல் ஒண்டு தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு புள்ள அரிசி பொறுக்குவாள். கல்லெல்லாம் அரிசிக்குள்ளயே கிடக்கும்.

அட்டையெல்லாம் எடுத்து உள்ளுக்கு வைங்க காக்கா, அதுக்குள்ள நான் தேடுற ஆள் இல்ல. அந்த மூலையில என்ன, மூடி திறந்த பேணியெல்லாம்? ஆக்கள் வாங்கிட்டுத் திருப்பித் தந்ததா? அடியில கொஞ்சம் கொஞ்சம் கிடக்குமே. அதெல்லாத்தையும் ஒரு வாளிக்குள்ள ஊத்துங்க. ஓம், எல்லாத்தையும். தோணிக்கு அடிக்கிற பெயின்ற் அதோட சேராதா? அப்ப தண்ணியில கலக்கிறதுகளை மட்டும் ஊத்துங்க. அந்த ரோஸ்... மஞ்சள், பரவாயில்ல, கலந்தாப் பிறகு ஆருக்குத் தெரியும்... அந்தப் பச்சையையும்தான். தடியால நல்லாக் கலக்குங்க.

நீங்க கலக்குங்க, நான் ஒண்டு சொல்றன். ஆருக்கும் சொல்லக் கூடா. மனிசனுக்கே தெரியாது.

ஆமி வந்து இருந்த அண்டைக்கு நான் ஊரெல்லாம் என்ன சொன்னன் தெரியுமா? அழகரத்தினம் அண்ணன்தான் போய்ச் சொல்லிக் குடுத்தார் எண்டு. தன்ர வீட்டைக் காப்பாத்த என்ர வீட்டைக் காட்டிட்டார் எண்டு. இந்தக் காலத்தில ஒரு மனிசனைப் பத்தி அப்பிடிச் சொல்லலாமா? சொன்னன். அவர் இப்ப என்னைக் கண்டா மற்றக் கரையால போறார். கோயில்லயும் ஆக்கள் அவரோட முகம் குடுத்துக் கதைக்கிறதில்லையாம்.

அவர் போய்ச் சொல்லிக் குடுக்கல்ல காக்கா.

வெள்ளைக் கோடு அடிச்சு முடிஞ்ச அண்டு, தூரத்தில நிண்டு பார்த்தா எப்பிடியிருக்கும் எண்டு பார்க்க ரோட்டுக்கு வந்தன். இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் தூரம் எண்டு பின்னுக்குப் பின்னுக்கு வந்து நடு ரோட்டில நிண்டுட்டன். பின்னால ஜீப். ஹோர்ன் அடிச்சிரிக்கான், எனக்குக் கேக்கல்ல. ஜீப்பை நிப்பாட்டி அந்தச் சின்ன மாத்தயா இறங்கி வந்தான். இருபத்தஞ்சு வயசிருக்கும். அவன் என்னைப் பார்க்கல்ல. நான் பார்க்கிற பக்கம் பார்த்தான். பார்த்துக்கொண்டே நிண்டான். "அம்மே, லஸ்ஸனய்" எண்டான். வடிவாம். அந்தக் கோட்டை விரலால காட்டி, தன்ர தாய்ட வீட்டிலயும் அப்பிடித்தான் எண்டான்.

நீங்களே சொல்லுங்க. பெயின்ற் அடிச்சு மூண்டு நாளா அந்தச் சுவர் அங்க நிண்டுது. எங்கட ஊரில ரோட்டால போற ஒருத்தர் நிமிந்து பார்த்தாங்களா? ஏழு வருசமாத் தலையைக் குனிஞ்சு போய்ப் போய் அதுவே பழகிட்டு. புஸ்பத்துக்குச் சொல்லியனுப்பினன், வரல்ல. மனிசன் பார்த்தார், துவாயைத் தோளில போட்டுக்கொண்டு கிணத்தடிக்குப் போனார். "வடிவா இரிக்கு" எண்டு சொன்னது அவன் ஒருத்தன்தான்.

நான் என்ன செஞ்சன் தெரியுமா? "உள்ளுக்கும் வந்து பாருங்க மாத்தயா" எண்டன்.

நானாத்தான் கூப்பிட்டன். அவன் சப்பாத்தைக் கழட்டிப் படியில வச்சிட்டு வந்தான். ஒவ்வொரு அறையாக் கதவைத் திறந்து காட்டினன். "இந்த அறைக்குக் கடக்கரைக் காத்து வரும், இந்த அறை மழைக்கும் ஒழுகாது, கிணத்துத் தண்ணி சித்திரையிலயும் வத்தாது, மேல ஏறி நிண்டா வயல்வட்டை முழுக்கத் தெரியும்." ஒண்டும் விடல்ல. தேத்தண்ணியும் குடுத்தன். பதினோராம் நாள் பொட்டி படுக்கையோட வந்திட்டாங்க. வந்தவன் முகத்தைக் கீழ போட்டுக்கொண்டு நிண்டான், பாவம். சப்பாத்தைக் கழட்டல்ல அண்டைக்கு.

என்ன, கலந்திட்டா? காட்டுங்க... ஆ! ஆ, இதுதான் காக்கா! சேத்துக்குள்ள படுத்த எருமை எழும்பின மாதிரி. இதை ஆர் பார்ப்பான்? இது சரி. இதுதான் நான் கேட்டது. பெரிய மாத்தயா ஜீப்பால இறங்கவும் மாட்டார். திங்கக்கிழமை வீடு எனக்கு. அழகரத்தினம் அண்ணன்ர காலில விழுந்தாவது கலியாணத்துக்குக் கூப்பிடணும். மூடியை வைங்க.

பொறுங்க. இறுக்காதீங்க. அந்தத் தடியை ஒருக்கா வெளிச்சத்துக்குக் கொண்டாங்க... காயக் காய நிறம் மாறுதே. பழங்காலத்துக் கோயில் மதில் மாதிரி ஒரு... இல்ல? ஓரத்தில பாருங்க, லேசா ஒரு ரோஸ் அடிக்குது. இப்பிடி ஒரு நிறத்தை நான் ஒரு இடத்திலயும் காணல்ல காக்கா. அட்டையிலயும் இல்ல. ஒரு வீட்டுக்கும் இருக்காது.

இது வெறுமையா நிண்டாத்தான் மங்கலா இருக்கும். யன்னலைச் சுத்தி மட்டும்... ரெண்டு விரல் அகலம் கூட வேணாம், ஒரு விரல் காணும்... அந்தத் தட்டில இருக்கிற சின்னப் பேணி வெள்ளைதானே? அதையும் சேர்த்து...

காக்கா? பேணியை எடுத்துக்கொண்டு எங்க உள்ளுக்குப் போறீங்க? அலுமாரியை ஏன் பூட்டுறீங்க? கதவையும் பாதி இழுத்திட்டீங்க... பள்ளிக்கு நேரமாச்சா? சரி, போய்த் தொழுதிட்டு வாங்க, நான் இந்தப் படியிலயே வாளியோட இருக்கன்.

வெள்ளை வேணாம் எண்டா விடுங்க காக்கா. வரக்குள்ள பாருங்க... கிறீம் இருக்கா?