கிளிபோட் சேர் விட்ட இடத்திலிருந்து

மேடையில் இருக்கும் பெரியோர்களே, ஆசிரியர் கிளிபோட் அவர்களின் துணைவியார் றோசலின் அக்கா அவர்களே, ஒஷாவாவிலிருந்தும் பிறம்ரனிலிருந்தும் இந்தக் கனடாப் பனிக்குள் கார் ஓட்டி ஆசிரியரின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறவுகளே, ஸ்காபரோ நூலக அறையில் சனிக்கிழமைதோறும் எங்களோடு வட்டமாக உட்கார்ந்தவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சாம்பவி. அந்த வட்டத்தில் நான் தாள்களைப் பிரதி எடுத்துக் கொடுப்பவள், கதிரைகளை அடுக்குபவள். பேசுவது எப்போதும் ஆசிரியர்தான்.

உயர்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் கிளிபோட், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் வீரகாவியங்களைத் தமிழில் அறிமுகம் செய்யப்போவதாக அறிவித்தபோது, எங்களில் எத்தனை பேர் சிரித்தோம்? முதல் நாளே இராசரத்தினம் அங்கிள் கேட்டார்.

"ஏன் கிளிபோட், எங்கட ஆக்களிட்டை இல்லாத வீரமே? உந்த வெள்ளைக்காரன்ர சண்டையை நாங்கள் ஏன் படிக்கவேணும்?"

"அங்கிள், உவையும் கடல் தாண்டி வந்து குடியேறின ஆக்கள்தான். குளிர், இருட்டு. ஒரு மண்டபம், நடுவிலை நெருப்பு. வெளியிலை என்ன நிக்குதெண்டு தெரியாது. கொஞ்ச நேரம் இருந்து பாருங்கோ."

அங்கிள் இருந்து பார்த்தார். அதன்பிறகு ஒரு சனிக்கிழமையையும் அவர் தவறவிடவில்லை.

அந்த மண்டபத்தை ஆசிரியர் எங்களுக்குச் சொல்லாலேயே கட்டிக் காட்டினார். அரசன் பொன் வளையங்களை அள்ளிக் கொடுப்பான். வாங்கியவன் போர்க்களத்தில் அவனை விட்டு அகலக் கூடாது. அரசி தேன்மதுக் கிண்ணத்தை ஏந்தி வருவாள். அதை வாங்கியவன் எழுந்து, நாளை தான் செய்யப்போவதைச் சபையறியச் சொல்லுவான்.

"குடிவெறியிலை சொல்லுறதுதானே," என்றார் அங்கிள். "விடிய ஆருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?"

"அதுதான் அங்கிள் கஷ்டம். அவன் மறந்தாலும் மண்டபம் மறக்காது."

அந்தப் பாடல்களில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பாதிகள் உண்டு. நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. இரண்டு பாதிகளையும் ஒரே ஒலி சேர்த்துக் கட்டும். எங்கள் மோனைக்கு நெருங்கிய உறவு. இதை விளங்கப்படுத்த ஆசிரியர் ஒரு வழி வைத்திருந்தார். முதல் பாதியைத் தமிழில் தானே சொல்லிவிட்டு நிறுத்துவார். மற்றப் பாதியை நாங்கள் கட்டவேண்டும்.

"கடலைக் கடந்தோம்," என்று சொல்லிக் காத்திருந்தார் ஒருநாள்.

"காலெல்லாம் விறைச்சுப்போச்சு," என்றார் இராஜேஸ்வரி அன்ரி.

எல்லோரும் சிரித்தோம். ஆசிரியர் சிரிக்கவில்லை. பலகையில் அதை அப்படியே எழுதினார். "அன்ரி, அந்த மண்டபத்துப் பாட்டுக்காரன் இதைக் கேட்டிருந்தால் களவெடுத்திருப்பான்" என்றார். அன்றைக்கு அன்ரியின் முகத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

அவர் வாளை மட்டும் புகழ்ந்தாரா? இல்லை. ஊரில் போரைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். விருந்துக்கு மறுநாள் மண்டபத்து வாங்கில்களில் யார் யார் இல்லை என்று கேட்பார். பெண்கள் அழுகிற பகுதி வந்தால் மெதுவாக வாசிப்பார். "வீரத்தைப் பாடின வாயாலையே இழவையும் பாடியிருக்கிறாங்கள். அதாலைதான் நான் இவங்களை நம்புறன்" என்று ஒருமுறை சொன்னார்.

இலையுதிர்காலத்தில் அவருடைய தொண்டையில் நோய் வந்தது. குரல்தான் முதலில் போனது. கடைசியாக நானும் றோசலின் அக்காவும் கட்டிலருகில் இருந்தபோது, காற்றாக வந்த குரலில் கேட்டார்.

"வாசிப்பிலை எதிலை நிண்டனாங்கள்?"

"அரசன் விழுந்திட்டான், சேர். கூட வந்தவை ஓடுறதோ நிக்கிறதோ எண்டு இனித்தான் முடிவெடுக்கவேணும்."

அவர் சிரித்தார். "பொல்லாத இடத்திலை விட்டிட்டன். அறையை மட்டும் விட்டிடாதேங்கோ."

"நீங்கள் முதல்லை கதைக்கிறதை விடுங்கோ," என்று அக்கா அவரை அதட்டினார். அதட்டிக்கொண்டே அவருடைய கையைப் பிடித்திருந்தார்.

இந்தக் கிழமை நூலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை அறை இனியும் வேண்டுமா, யார் பொறுப்பு? பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சற்று முன் வாசலில் அங்கிள் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, முன்னுக்கு ஒருத்தரும் இல்லாட்டி நாங்கள் ஆளையாள் பாத்துப்போட்டு வீட்டை போகவேண்டியதுதான்."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். பட்டம் கிடைத்த பிறகும் சபையில் வாய் திறக்க எனக்கு வரவில்லை. ஆசிரியரின் குரல் எனக்கு இல்லை. அவருடைய அறிவும் இல்லை. ஆனால் அவர் எங்கே நிறுத்துவார், எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பது தெரியும். பின்வரிசையிலிருந்து அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே றோசலின் அக்கா முன்னிலையில் சொல்கிறேன். அறையை நான் பொறுப்பெடுக்கிறேன். வருகிற சனிக்கிழமை அந்தப் போர்க்களத்திலிருந்தே தொடங்குவோம். முடிவுவரை வாசிப்போம்.

சனிக்கிழமைவரை ஏன் காத்திருக்கவேண்டும்? ஆசிரியர் கிளிபோட் அவர்களுக்காக எல்லோரும் எழுந்து நில்லுங்கள். முதல் பாதியை நான் சொல்கிறேன். மற்றப் பாதி உங்களுடையது. பிழை வந்தாலும் பரவாயில்லை, உரத்துச் சொல்லுங்கள்.

மன்னன் சாய்ந்தான்...