பேத்தியைக் கூட்டிவரப் போன வண்டி

அடுத்தவர் பேச்சை எழுதலாமா என்று சில வருஷம் தயங்கினேன். அம்மன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில், பட்டாசு லோடு அடிக்கும் பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒருவர் புது இண்டிகேட்டர் லைட் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"நல்ல நேரம் முடியப்போகுது. ஆஸ்பத்திரியில மகளும் பேத்தியும் காத்துக் கெடக்காக."

"புது லைட்டும் எரியலையே! சிக்னல் இல்லாத வண்டியில பச்சப்புள்ளய ஏத்த மாட்டேன்."

"பேட்டரி வயர மாட்டுனீகளா?"

"ஆத்தீ! தீப்பொறி வந்துரும்னு, லோடு வண்டிப் பழக்கத்துல கழட்டி வச்சுட்டேன்!"

"ஏன், நம்ம பேத்தி என்ன சரவெடியா?"

வயரை மாட்டினார். லைட் மினுக்கியது.

"எரியுது! அங்கன பாருங்க, எரியுது!" என்று கைதட்டிய அந்த அம்மா, "சீக்கிரம் ஏறுங்க, தாத்தா!" என்றார்.

அந்தப் புதுத் தாத்தா முகத்தில் அம்புட்டு வெளிச்சம்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள், அந்தத் 'தாத்தா'வை முக்கியமாக.